விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? மலைத்தமிழரும் எளிய விசுவாசிகளின் பொறுப்பும்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று ஏறி, பாம்பாடும் சோலைக் காட்டைக் கடந்தால் வட்டவடை. கோவிலூர், கொட்டாக்கம்பூர், பழத்தோட்டம், சிலந்தியாறு என்று ஊர்ப்பெயர்கள் எல்லாம் தமிழில். படிப்படியாக இறங்கும் நிலங்களில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் விளைகின்றன. ஆட்சி கேரளத்துடையது; பேச்சும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவும் தமிழ்நாட்டோடு. பழைய ஊர்களில் இன்றும் ஊர்க்கோயிலைச் சுற்றியே வாழ்க்கை நடக்கிறது. மூணாறை ஒட்டிய தேயிலைத் தோட்டங்களில் கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாருமாகத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள்.

மலையில் சபைகள் சிறியவை, ஒன்றுக்கொன்று தொலைவு. ஒரு பங்குத்தந்தையோ ஆயரோ பல எஸ்டேட்டுகளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையே இருக்காது. அந்த நாட்களிலும் குழந்தைகள் பிறக்கின்றன, முதியவர்கள் கண்மூடுகிறார்கள், பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். அப்போது விசுவாசத்தைக் காப்பதும் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதும் யாருடைய வேலை?

இந்தக் கேள்விக்கு வேதம், திருச்சபைப் போதனை, தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு, இன்றைய மலைவாழ்வு ஆகிய நான்கும் தரும் பதிலை இக்கட்டுரை ஒருங்கே பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் மண்ணில் விசுவாசம் தழைத்த இடங்களிலெல்லாம், பட்டம் பெறாத யாரோ ஒருவர் அதைத் தன் வேலையாக ஏற்றிருந்தார். குருமார் நிறைய இருந்தும் அந்த வேலையை ஏற்க ஆளில்லாத இடங்களில் அது சடங்காகச் சுருங்கியது. இன்று நாம் இரண்டாம் நிலையை நோக்கிப் போகிறோம். அதைத் திருப்பிவிட முடியும்.

வேதமும் சபையும் சொல்வது

உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் மோசே இந்தப் பொறுப்பை ஆசாரியர்களிடம் கொடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பிள்ளைகளிடம் பேசும்படி பெற்றோருக்கே கட்டளையிடுகிறார். 78ஆம் சங்கீதம் இன்னும் பிறவாத பிள்ளைகள் வரைக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்கிறது. புதிய ஏற்பாட்டிலும் இதே வழிதான். தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று பவுல் நினைவுகூரும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அவனுக்கு எழுதிய அதே இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தன்னிடம் கேட்டதை உண்மையுள்ள மனிதர்களிடம் ஒப்படைக்கும்படியும், அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். ஒரே வாக்கியத்தில் நான்கு தலைமுறை.

பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியர் கூடாரம் தைத்துப் பிழைத்தவர்கள். பேச்சில் வல்லவனான அப்பொல்லோவைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய வழியை இன்னும் திட்டமாக விளக்கியவர்கள் அவர்கள்தாம் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம். கைத்தொழில் செய்பவர் கற்றவருக்குக் கற்பித்தார். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் தாய்க்கும் வட்டவடையில் பூண்டு நடும் தகப்பனுக்கும் இதைவிட நேரான முன்மாதிரி வேண்டியதில்லை.

விசுவாசிகள் அனைவரும் ஆசாரியக் கூட்டம் என்பதை மார்ட்டின் லூத்தர் 1520இல் வலியுறுத்தினார். 1529இல் அவர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்ற குறிப்போடு அமைந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்து, பெற்றோரே பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதல் அறிவிப்பாளர்கள் என்றது. 1965 நவம்பரில் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணிக்கென்றே தனி விதித்தொகுப்பு வந்தது. 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியைத் திருச்சபையின் முறையான பணியாக நிறுவினார். ஆக, பிரிந்து கிடக்கும் சபைகளும் இந்த ஒன்றில் கருத்து வேறுபடவில்லை. குறை இருப்பது போதனையில் அல்ல, நடைமுறையில்.

கடற்கரையில் தொடங்கிய வழக்கம்

1530களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்குப் பின் கற்பிக்க ஆளின்றிக் கிடந்தார்கள். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் அறிந்தவர்களைக் கூட்டி, விசுவாச அறிக்கையையும் கட்டளைகளையும் ஜெபங்களையும் தமிழில் ஆக்கி, தாமே மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருவில் நடந்து சிறுவர்களைக் கூட்டினார். ஞாயிறன்று ஊரே கூடும். விசுவாச அறிக்கையை ஒவ்வொரு பகுதியாகச் சொல்லி, நம்புகிறீர்களா என்று கேட்பார். மக்கள் மார்பின் மேல் கைகளைக் குறுக்கே வைத்து, ஆம் என்பார்கள். பகலில் கற்ற சிறுவர்கள் மாலையில் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளி இருக்கும் வீடுகளுக்கு அவர் தம் ஜெபமாலையைக் கொடுத்து அனுப்பியதும் அந்தச் சிறுவர்களைத்தான்.

ஒரே ஆள் எல்லா ஊரிலும் இருக்க முடியாது என்பதைச் சவேரியார் உடனே கண்டுகொண்டார். ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். ஞாயிறு கூட்டம் நடத்துவது, ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, பிறப்பையும் திருமணத்தையும் கவனிப்பது அவர்கள் வேலை. அதற்குக் கூலியும் ஏற்பாடு செய்தார். பின்னாளில் உபதேசியார், கோயில்பிள்ளை, வேதியர் என்று தமிழ்ச் சபைகள் அழைத்த எல்லோருக்கும் முன்னோடி இவர்கள்தாம்.

அச்சுக்கலையும் இதே தேவைக்குத்தான் முதலில் உதவியது. 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், ஹென்றிக் ஹென்றிக்ஸ் அடிகளார் தந்த சிறு ஞானோபதேச நூல். அடுத்த ஆண்டே கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வந்தது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம், சாதாரண விசுவாசி கையில் வைத்துக் கற்பதற்கான ஞானோபதேசம். இன்றைய கேரளத்தில் தமிழில் விசுவாசத்தைக் கற்பிக்கும் வேலை ஏறத்தாழ 450 ஆண்டுப் பழமையுடையது என்பதை மலைத்தமிழர் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

வீரமாமுனிவரைத் தேம்பாவணிக்காகத்தான் பலரும் அறிவார்கள். வேதியர்களுக்கென்றே அவர் வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதினார். கற்பிப்பவனுடைய நடத்தை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர் ஒரு முழு நூலை ஒதுக்கினார். எளிய விசுவாசிகளின் கையில் பொறுப்பைக் கொடுத்தால் போதாது, அவர்களை உருவாக்கவும் வேண்டும் என்பதை அன்றைய மிஷன் அறிந்திருந்தது.

குருமார் இல்லாத காலங்கள்

இலங்கையின் கடலோரம் 1658இல் டச்சுக்காரர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள், வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1687இல். ஏறத்தாழ முப்பது ஆண்டு குரு இல்லை. வாஸ் கழுத்தில் ஜெபமாலை அணிந்து வீடு வீடாகப் போனார். அதைக் கண்டு முகம் மாறியவர்களை வைத்துக் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். அடையாளம் காண ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அந்த முப்பது ஆண்டும் வீடுகளில் ஜெபம் நின்றிருக்கவில்லை. பின்னர் மூப்பரையும் அண்ணாவியாரையும் கொண்ட அமைப்பை வாஸும் அவர் தோழர்களும் உறுதிப்படுத்தினார்கள். ஒரு சில குருமார் ஒரு தீவு முழுவதையும் கவனிக்க முடிந்தது இவர்களால்தான்.

தமிழகத்தில் அதே சோதனை 1773இல் வந்தது. திருத்தந்தையின் ஆணையால் இயேசு சபை கலைக்கப்பட்டது. மதுரை மிஷனின் குருமார் மூப்படைந்து மறைய, அவர்களிடத்தை நிரப்ப மிகச் சிலரே கிடைத்தார்கள். இயேசு சபையினர் 1830களின் பிற்பகுதியில் திரும்பி வரும் வரை மறவ நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் உபதேசியார்கள் ஜெபம் சொல்லிக்கொடுத்தார்கள், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், இறந்தோரை அடக்கம் செய்தார்கள். வந்தவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை. இருந்ததைத் திருத்தியும் வளர்த்தும் எடுத்தார்கள்.

உலக வரலாற்றில் இதன் உச்சம் ஜப்பான். 1614இல் கிறிஸ்தவம் அங்கே முழுதும் தடைசெய்யப்பட்டது. 1865 மார்ச் 17ஆம் தேதி நாகசாகியில் புதிதாகக் கட்டியிருந்த ஓவுரா ஆலயத்துக்கு உராகாமி ஊரார் சிலர் வந்து, தங்கள் விசுவாசமும் அதுவே என்று பிரெஞ்சுக் குரு பெத்திஜானிடம் சொன்னார்கள். இரு நூற்றாண்டுக்கு மேல் குரு இல்லாமல் அவர்கள் தாக்குப்பிடித்தது வேலையைப் பங்கிட்டுக்கொண்டதால்தான். திருநாள் கணக்கை வைத்திருக்க ஒருவர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், வீடு வீடாகச் செய்தி சொல்ல ஒருவர். கொரியாவில் 1784இல் பெய்ஜிங்கில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய யீ சுங்-ஹுனும் அவருடைய நண்பர்களும் தாங்களே சபையைத் தொடங்கினார்கள். முதல் குரு போய்ச் சேர்ந்தது பத்து ஆண்டுக்குப் பிறகு. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் விசுவாசிகளாகியிருந்தார்கள்.

ஜப்பான் வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மறைவில் வாழ்ந்தவர்களில் ஒரு பகுதியினர் தடை நீங்கிய பின்னும் திருச்சபையோடு சேரவில்லை. மூதாதையர் சொன்ன ஜெபங்களை, பொருள் மறந்துபோன ஓசைகளாகவே தொடர்ந்து சொன்னார்கள். வட்டவடை விவசாயி அறுவடையில் விதைப்பூண்டைத் தனியாக எடுத்துவைக்கிறார். அதையும் விற்றுவிட்டால் அடுத்த போகம் இல்லை; எடுத்துவைத்ததை மண்ணில் ஊன்றாமலே விட்டால் அது உள்ளே சுருங்கிப் பதராகும். விசுவாசமும் அப்படித்தான். பத்திரப்படுத்துவது பாதி வேலை. புரியவைத்துக் கொடுப்பது மறுபாதி.

பட்டம் பெறாத சாட்சிகள்

இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் தமிழ் மலையாள எல்லையில் பிறந்தவர் என்பது இப்பகுதி மக்களுக்குச் சிறப்புப் பொருள் உடையது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளைக்குக் கிறிஸ்துவை அறிமுகப்படுத்தியவர் ஒரு குருவல்லர். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய், தம் துயரத்தில் ஆறுதல் தேடியவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14ஆம் தேதி வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 இரவு ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் தேதி திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. உடன் வேலை செய்தவரிடம் மனம்விட்டுப் பேசிய ஒரு சாதாரண உரையாடலில் தொடங்கியது இந்த வரலாறு.

சீர்திருத்தச் சபையின் கதையும் இப்படியே. தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அதைத் தஞ்சை நாட்டின் உட்பகுதிக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் மராட்டியர் படையில் இருந்த இராஜநாயக்கன். பாளையங்கோட்டையில் 1778இல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா என்ற விதவை, அங்கே ஒரு ஆலயம் கட்டினார். 1785இல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1780இல் அந்தச் சபையின் பதிவேட்டில் 40 பெயர்கள்தாம். திருநெல்வேலித் திருச்சபை என்ற பெருமரம் அந்த நாற்பது பேரிலிருந்து எழுந்தது.

அந்தச் சபை இன்னொரு கட்டத்துக்குப் போனது 1903இல். வெளிநாட்டு மிஷன் பணம் இல்லாமல், தங்கள் காணிக்கையிலேயே ஊழியர்களை அனுப்ப இந்திய மிஷனெரி சங்கத்தைத் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தொடங்கினார்கள். அதில் முன்நின்ற வே. ச. அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பணிக்கு ஊழியரை அனுப்பிய அந்தச் சபையில் பெரும்பாலோர் பனையேறிகளும் சிறு விவசாயிகளும்.

தென்மாவட்டச் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை என்று ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படிக் கலயத்தில் போடுவாள் வீட்டம்மா. ஞாயிறன்று கலயத்தில் சேர்ந்தது ஆலயத்துக்குப் போகும். கையில் காசு புழங்காத பெண்ணும் தன் பங்கைக் கொடுக்க இது வழி. இதே பழக்கத்தை மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கினார்கள். இன்றும் அது அச்சபையின் ஊழியத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்று. பிடியரிசி தந்த பணத்தைவிடப் பெரியது, அது வீட்டில் தந்த பாடம். அம்மா தினமும் எதையோ எடுத்துவைப்பதைப் பார்க்கும் குழந்தை ஏன் என்று கேட்கும். பதில் சொல்லும் நொடியில் விசுவாசம் கைமாறுகிறது.

மலையேறிய விசுவாசம்

திருநெல்வேலியிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் கங்காணிகளோடு மலையேறிய மக்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் கண்ணன் தேவன் மலைக்கும் வந்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் உபதேசியார்களையே நம்பி நடந்தது. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தவர்கள் அவர்கள்.

மூணாறில் கர்மேல் மாதா ஆலயம் 1898இல் தொடங்கியது. 1930இல் விஜயபுரம் மறைமாவட்டம் உருவானபோது இம்மலை அதில் சேர்ந்தது. 2024இல் அந்த ஆலயம் சிறிய பசிலிக்காவாக உயர்ந்தது. 1910இல் அடிக்கல் நாட்டப்பட்ட கிறிஸ்து ஆலயத்தில் இன்றும் தமிழ் ஆராதனை நடக்கிறது. பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத் தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். 2013 டிசம்பரில் கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தது. இரு மொழி மக்களுக்கும் ஒரே மந்தை.

நிறுவன வரலாறு இவ்வளவு. எந்த ஆவணத்திலும் ஏறாத வரலாறு லயத்து அறைகளில் நடந்தது. ஐந்தாறு குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடும். பாயை விரித்து, கதவருகே செருப்புகள் குவிய, கொழுந்துச் சாக்கின் வாசனை உடம்பில் மாறாமலே வந்து உட்கார்ந்து பாடுவார்கள். எழுத்தறிந்த பிள்ளை வேதம் வாசிக்கும், எழுத்தறியாத பாட்டி அதற்கு விளக்கம் சொல்வாள். கத்தோலிக்கர் இதை அன்பியம் என்கிறார்கள், மற்றவர்கள் வீட்டு ஜெபக்கூட்டம் என்கிறார்கள். இம்மலையில் கிறிஸ்தவம் வேரூன்றியது அங்கேதான்.

எதைக் கையளிக்கிறோம்?

எளிய விசுவாசிகளைப் புகழ்ந்துவிட்டு இக்கட்டுரையை முடித்தால் அது முழு உண்மையாகாது. விசுவாசத்தைக் கையளித்த அதே கைகள் சாதியையும் கையளித்தன. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில் பின்னாளில் ஆலயத்துக்குள் சாதியைப் பிரிக்கும் சுவர் இருந்தது. 1910இல் அது இடிக்கப்பட்டபோது எதிர்த்தவர்கள் சாதாரண விசுவாசிகள். உரிமை கேட்டு மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். தகப்பன் ஜெபத்தையும் சொல்லிக்கொடுத்தான், சுவரையும் சொல்லிக்கொடுத்தான்.

வட்டவடையில் இது தூரத்துக் கதை அல்ல. தலித் மக்களுக்கு முடிவெட்ட மறுக்கும் வழக்கம் இருந்ததால், 2020இல் ஊராட்சியே எல்லோருக்குமான பொது முடிதிருத்தகத்தைத் திறக்க வேண்டி வந்தது. இந்த மலையில் கிறிஸ்துவைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லும் எவரும், அயலானோடு சேர்ந்து உட்காரவும் உண்ணவும் கற்றுக்கொடுக்காமல் அதைச் சொல்ல முடியாது. சொன்னால் அது பாதிச் சுவிசேஷம்.

சட்டத்தின் பாரமும் இதே மக்கள் மேல்தான் விழுகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகும் தலித் மக்கள் அட்டவணைச் சாதிக்கான உரிமைகளை இழக்கிறார்கள். வட்டவடை அடங்கிய தேவிகுளம் தனித்தொகுதியில் 2021 தேர்தலில் வென்றவரின் மதம் பற்றிய வழக்கில் சபைப் பதிவேடுகள் சாட்சியமாக வந்தன. 2023இல் கேரள உயர்நீதிமன்றம் அவர் வெற்றியை ரத்து செய்தது. 2025இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. வழக்கின் நியாயம் நீதிமன்றத்தின் பொறுப்பு. சபை கற்க வேண்டியது வேறு. இம்மலையில் ஓர் ஏழைக் குடும்பம் தன் விசுவாசத்தை வெளிப்படையாகச் சொல்வதற்குக் கொடுக்கும் விலை, நகரத்துச் சபையார் அறியாத விலை. சாட்சி சொல்லாதவர்களைக் குறைகூறும் முன், அவர்களோடு சேர்ந்து அந்த உரிமைக்காகக் குரல் கொடுக்க வேண்டும்.

இன்றைய தடைகள்

முதல் தடை மொழி. வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம் அல்லது ஆங்கிலம். தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் வேதாகமத்தைச் சரளமாக வாசிக்க வராத நிலை பல குடும்பங்களில் வந்துவிட்டது. பாட்டியின் ஜெபம் பேரனுக்கு ஓசையாக மட்டும் எஞ்சும் ஆபத்து, ஜப்பான் அனுபவத்தைப் பார்த்தபின் சிறியதாகத் தோன்றவில்லை. பிள்ளைக்கு மலையாளத்திலும் விசுவாசத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். ஆனால் பாட்டியோடு சேர்ந்து ஜெபிக்கும் தமிழை இழக்கவும் கூடாது. தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் பணியை ஞாயிறு பள்ளியே ஏற்பது இங்கே ஆவிக்குரிய கடமையாகிறது.

இரண்டாவது தடை பிழைப்பு. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் கொச்சிக்கும் போகிறார்கள். எஸ்டேட் வீடு வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும். தலைமுறைகளை ஒரே கூரையின்கீழ் வைத்திருந்த ஏற்பாடு கலைகிறது.

மூன்றாவது, பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிடும் மனப்போக்கு. கைபேசியில் எந்த நேரமும் பிரசங்கம் கிடைக்கிறது. நல்ல போதனையும் அதில் உண்டு. ஆனால் திரையில் பேசுபவருக்கு நம் பிள்ளையின் பெயர் தெரியாது, அதன் பயமும் தெரியாது. ஞாயிறு பள்ளி ஆசிரியர் வாரத்தில் ஒரு மணிநேரம் செய்வதை வீடு மற்ற நாட்களில் தொடராவிட்டால் அது நிலைக்காது.

மூன்று மறுப்புகள்

பயிற்சி இல்லாதவர் கற்பித்தால் பிழை வராதா என்று ஆயர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். அதற்கு வீரமாமுனிவர் கண்ட விடை பயிற்சி. வாயை அடைப்பது அல்ல. வருஷத்தில் சில நாள் உபதேசியார்களையும் பெற்றோரையும் கூட்டிக் கற்பிக்கும் சபையில் பிழை குறையும். பொறுப்பே கொடாத சபையில் பிழை பேசவும் ஆளிருக்காது.

உழைத்துக் களைத்தவர்களுக்கு நேரம் ஏது என்று பெற்றோர் கேட்கிறார்கள். கொழுந்துக் கணக்குக்கும் தோட்ட வேலைக்கும் இடையே ஒரு தாய் படும் பாடு கண்ணுக்குத் தெரிந்ததே. மோசே சொன்ன நேரங்கள் உட்காருவது, நடப்பது, படுப்பது, எழுவது. அவை எல்லா உழைப்பாளிக்கும் உண்டு. படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒரு வேதக் கதையைச் சொல்ல முடியாத வீடு அரிது.

பிள்ளைகள் மேல் மதத்தைத் திணிக்கலாமா என்று இளையோர் கேட்கிறார்கள். திணிக்கக் கூடாது. கேள்வியை அடக்கி, பயத்தைக் காட்டி வளர்த்த விசுவாசம் வீட்டு வாசலைத் தாண்டியதும் உதிர்ந்துவிடும். ஆனால் தான் உயிராக மதிப்பதைப் பிள்ளையிடம் சொல்லாமலிருப்பது சுதந்திரம் தருவதாகாது. சொல்லி, வாழ்ந்து காட்டி, முடிவைப் பிள்ளையிடம் விடுவதே நேர்மை. அயலில் வாழும் முதுவர் பழங்குடியினருக்கும் ஊர்க்கோயிலாருக்கும் நாம் காட்ட வேண்டிய மரியாதையும் இதே ஊற்றிலிருந்துதான் வருகிறது. தன் விசுவாசத்தை ஆழமாக அறிந்தவனுக்கு அடுத்தவன் வழிபாட்டைப் பழிக்கத் தேவை இல்லை.

செய்ய வேண்டியவை

வரலாறு காட்டும் வழியைத் தொகுத்தால் நான்கு காரியங்கள் தெளிவாகின்றன.

வேலையைப் பெயர் சொல்லிப் பங்கிட வேண்டும். எல்லோருடைய பொறுப்பு என்றால் யாருடையதும் அல்ல என்றாகிவிடும். ஜப்பானில் ஞானஸ்நானம் கொடுப்பவர் இன்னார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. எஸ்டேட் டிவிஷன் ஒவ்வொன்றிலும், வட்டவடை ஊர் ஒவ்வொன்றிலும் சிறுவர்களுக்குக் கற்பிப்பவர், நோயாளிகளைப் பார்ப்பவர், வெளியூர் போன இளைஞரோடு தொடர்பு வைப்பவர் யார் என்று சபை அறிய வேண்டும்.

மனப்பாடமும் பொருளும் சேர்ந்து போக வேண்டும். சவேரியாரின் சிறுவர்கள் சொற்களை மனத்தில் வைத்திருந்ததால்தான் நோயாளி அருகில் நின்று சொல்ல முடிந்தது. விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளை, கர்த்தர் கற்பித்த ஜெபம் ஆகியவற்றை ஒவ்வொரு பிள்ளையும் தமிழில் மனப்பாடமாகச் சொல்லவும், அது என்ன என்று தன் சொந்தச் சொல்லில் விளக்கவும் கற்க வேண்டும்.

முதியோரின் நினைவை இப்போதே எழுதிவைக்க வேண்டும். எந்த ஊரிலிருந்து மலையேறினார்கள், முதல் ஜெபம் எந்த லயத்தில் நடந்தது, சபையைத் தாங்கிய உபதேசியார் யார் என்பதை இளைஞர் கைபேசியில் பதிந்து, சபைப் பதிவேட்டோடு சேர்க்கலாம். கேட்பவருக்கே அது முதல் ஞானோபதேசமாகும்.

நான்காவது, பந்தியும் கல்லறையும் திருமணமும் சாதியைக் கேளாத இடங்களாக வேண்டும். இது நடக்காத சபையில் மற்ற மூன்றும் வீண்.

குருமாரின் பணியைக் குறைக்க இதில் எதுவும் இல்லை. திருவிருந்தையும் போதனையின் காவலையும் திருச்சபை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறது. ஆனால் திருவிருந்துக்கு வரப் பசியை உண்டாக்குவது வீடு. அந்த வேலைக்குச் செமினரியும் வேண்டாம், அங்கியும் வேண்டாம். தெரிந்ததைச் சொல்லும் துணிவும், தெரியாததைக் கற்கும் பணிவும், சொன்னபடி நடக்கும் உறுதியும் போதும். முப்பது ஆண்டு குருவின்றி இருந்த யாழ்ப்பாணத்தார் இதைச் செய்தார்கள். நாற்பது பேராயிருந்த பாளையங்கோட்டையார் செய்தார்கள். பாதையும் மருத்துவரும் இல்லாத நாளில் மலையேறிய நம் முன்னோரும் செய்தார்கள். அவர்களைவிட நமக்கு எழுத்தறிவு அதிகம், புத்தகங்கள் அதிகம், வசதிகள் அதிகம். எனவே நம்மிடம் கேட்கப்படும் கணக்கும் அதிகமாகவே இருக்கும்.